ஐந்து நூல் குழாய்

ஒரு காட்டில், படிவம் நிரப்பினால்தான் நோய்க்கு மருந்து என்ற அளவுக்கு முன்னேறிவிட்ட காட்டில், வடிவாம்பாள் என்றொரு யானை இருந்தது. அதன் தும்பிக்கையில் நரம்புக் கோளாறு. நீரை உறிஞ்சி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் தும்பிக்கை நடுங்கி எல்லாம் சிந்திவிடும். ஓடைக்கரையிலேயே குடியிருந்தும் தாகம் தீரவில்லை. உடம்பு பாதியாகிவிட்டது.

அதே காட்டில் மருத்துவக் கருவிகள் செய்யும் சிலந்தி ஒன்றும் இருந்தது. யானையைப் பார்க்கப் பார்க்க அதற்கு மனசு கேட்கவில்லை. மூன்று வருடம் உழைத்து ஒரு குழாய் நெய்தது. வேரளவு மெல்லிய குழாய், எங்கும் குத்தாமல் வளையும். உள்ளே இரண்டு நூல்கள். ஒன்றை இழுத்தால் நுனி இடப்பக்கம் திரும்பும், மற்றதை இழுத்தால் வலப்பக்கம். நுனியில் கடுகளவு மின்முனை. கெட்டுப்போன நரம்பருகே நிறுத்தி லேசாகத் தட்டினால் நடுக்கம் அடங்கிவிடும்.

"வலிக்குமா தங்கச்சி?" என்று கேட்டது யானை.

"ரெண்டு நூலும் என்கிட்ட இருக்கிற வரைக்கும் வலிக்காதுக்கா."

சிலந்தி குழாயை அனுமதிக் குழுவிடம் கொண்டுபோனது. குழுவின் செயலாளர் நரி அதைப் புரட்டிப் பார்த்தது. வளைவு சரி, நீளம் சரி. நூலை எண்ணியபோதுதான் முகம் மாறியது.

"ரெண்டுதானா? தொடக்க விழாவுக்கு மேடையில அஞ்சு பேர்மா. குத்துவிளக்குன்னா ஆளுக்கு ஒரு திரி ஏத்திடலாம். இதுல சிங்க ராஜா ஒண்ணு இழுப்பார், புலி ஒண்ணு இழுக்கும். கரடியும் மயிலும் நானும் வேடிக்கை பார்க்கிறதா?"

"ஐயா, எனக்கே எட்டுக் கால் இருக்கு. ரெண்டு நூல் போதும்னு தெரிஞ்சுதான் ரெண்டு வெச்சேன். அஞ்சு பேர் இழுத்தா நுனி எங்க போகும்னு யாருக்கும் தெரியாதுங்க."

"அதெல்லாம் பெரியவங்க பார்த்துப்பாங்க."

சிலந்தி குழாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தது. ஆனால் அனுமதி கிடைக்காவிட்டால் யானைக்குத் தண்ணீர் இல்லை. ஐந்து நூல் வைத்தது.

விழா நாளில் குழாய் தும்பிக்கைக்குள் போனது. வாழ்த்துரைகள் முடிந்ததும் ஐவரும் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி ஒரே நேரத்தில் இழுத்தார்கள். நுனி சுற்றிச் சுழன்று, சம்பந்தமே இல்லாத ஒரு நரம்பைத் தட்டியது. தும்பிக்கை விறைத்து, வானத்தைப் பார்த்து நின்றுவிட்டது. நடுக்கம் துளியும் இல்லை.

"ராஜாவுக்கு வணக்கம் வைக்கிறாங்க!" என்று நரி கைதட்டியது. சிங்க ராஜா பதில் வணக்கம் வைத்தார்.

"ஐயா, தண்ணி..." என்றது யானை.

அதற்குள் எல்லாரும் விருந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். சிலந்தி குழாயை வெளியே எடுத்துப் பார்த்தது. தும்பிக்கை இறங்கவில்லை. ஐந்து நூல்களையும் மின்முனையையும் பிடுங்கி எறிந்தது. ஒரு முனையை மேட்டில் ஓடும் நீரிலும் மறுமுனையை யானையின் வாயிலும் வைத்தது. யானை குடித்தது. குடித்துக்கொண்டே அழுதது. குழாய் அவ்வளவு மெல்லியது என்பதால் தாகம் தீர மூன்று நாள் ஆனது.

நான்காம் நாள் நரி வந்து பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்பியது. நடுக்கம்: இல்லை. தண்ணீர் குடிக்கிறதா: ஆம். சிகிச்சை: முழு வெற்றி. மற்ற யானைகளுக்கும் அன்றே தேதி குறித்தார்கள்.

நீதி: எந்த ஆராய்ச்சியும் வீண்போவதில்லை. நரம்புக்கு உதவாத குழாய் தண்ணீர் குடிக்க உதவும். நோயாளி மட்டும் ஓடைக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.