பெயர் பிறகு சொல்லப்படும்

வானொலி அந்தப் பேஸ்பால் செய்தியைச் சொன்னபோது வெண்டெல் ப்ருசாக்கின் வாய் நிறைய முட்டை இருந்தது. மென்றுகொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"மூன்று அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் டிரேடு. பிட்ஸ்பர்க்கின் முதல் பேஸ்காரர் புரூனோ டெல்மான்ட் சியாட்டிலுக்குப் போகிறார். சியாட்டிலின் இடக்கைப் பந்துவீச்சாளர் ஹூஸ்டனுக்கு. ஹூஸ்டனிலிருந்து இளைஞர்கள் இருவர் பிட்ஸ்பர்க்குக்கு. கூடவே ஒரு மூட்டை பழைய பந்துகள்."

அந்தப் பழைய பந்து மூட்டை வெண்டெலின் சொந்தச் சரக்கு. முந்தின நாள் காலை நடீனின் சாப்பாட்டுக் கடையில், நண்பன் ஹாஸ்கெலைச் சிரிக்கவைக்கக் கடைசியாகச் சேர்த்தது. மற்றதும் அவர் சொன்னதுதான், ஒரு பெயர்கூட மாறவில்லை.

அடுப்பருகே நின்ற மனைவி லொரெய்ன் மெதுவாகத் திரும்பினாள். இரவு உடைக்கு மேல் புரூனோவின் பெயர் அச்சிட்ட அணிச் சட்டையைப் போட்டிருந்தாள். லொரெய்ன் மனதில் முதலிடம் கடவுளுக்கு, இரண்டாமிடம் புரூனோவுக்கு. மூன்றாமிடம் தனக்குத்தான் என்று வெண்டெல் நம்பிவந்தார்.

"வெண்டெல், எந்த மூளையில்லாதவன் இப்படி யோசிச்சிருப்பான்?"

"யாரோ ஒரு கிறுக்கன்," என்றார் வெண்டெல், முட்டையை முழுசாக விழுங்கி.

"அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்!"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கம்பளக் கடையில் நாளெல்லாம் தொண்டை வறளப் பேசிவிட்டு வருகிற மனிதருக்கு, வீட்டில் லொரெய்னின் குரல்தான் சோறு, தண்ணீர் எல்லாம். அது நின்றதும் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்டது.

வெண்டெல் கோட்டை மாட்டிக்கொண்டு பனியில் ஓடினார்.

ஆட்டமில்லாத குளிர்காலத்தில் நடீன் கடையின் மூலை மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வார்கள். கெட்சப் புட்டிதான் பிட்ஸ்பர்க், அதற்கு வெண்டெல் பொறுப்பு. உப்புக் குப்பி சியாட்டில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஹாஸ்கெல் அதற்காக வாதாடுவார். மிளகுக் குப்பி வெயில் ஊரான ஹூஸ்டன். அது இர்வ் கையில். இர்வ் சவ அடக்கத் தொழில் செய்பவர், வருகிற யாரையும் வேண்டாமென்று சொல்லிப் பழக்கமில்லாதவர். சர்க்கரைப் பொட்டலங்கள்தான் ஆட்டக்காரர்கள். எல்லாம் நகர்த்தி முடித்ததும், "யார் வேண்டாம்னு சொல்வா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் டிரேடு முடிந்தது. காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டு கலைந்துவிடுவார்கள்.

"டேய் ஜோசியக்காரா!" என்று ஹாஸ்கெல் எழுந்து கைதட்டினார். "மூட்டைப் பந்து வரைக்கும் சொன்னியேடா!"

"கத்தாதடா. புரூனோ திரும்பி வரணும். உட்காரு."

வெண்டெல் பொட்டலங்களை நகர்த்தினார். "வந்த ரெண்டு பசங்களையும் சியாட்டிலுக்குத் தர்றேன். புரூனோவைக் குடு."

"நேத்து வாங்கினவனை இன்னிக்குத் திருப்பித் தந்தா சியாட்டில்காரன் மூஞ்சியை எங்கடா வெச்சுக்குவான்? ஹூஸ்டன் வழியாத்தான் வரணும். உன் ஷார்ட்ஸ்டாப்பையும் போடு."

"ஷார்ட்ஸ்டாப்பா? அவனை விட்டா எங்களுக்குப் பந்து பிடிக்க யாருடா இருக்கா?"

"அப்ப புரூனோவுக்கு முழங்கால் தேஞ்சுபோச்சுன்னு ஒத்துக்க. விலையைக் குறைக்கறேன்."

"புரூனோ முழங்காலைப் பத்திப் பேசாத. என் வீட்ல அதெல்லாம் பேசக்கூடாது."

வாதம் வளர்ந்தது. ஷார்ட்ஸ்டாப் போனான், மத்தியக் களத்துக்காரனும் போனான். புரூனோ பொட்டலம் உப்பிலிருந்து மிளகுக்கு நகர்ந்தது. அங்கிருந்து கெட்சப்புக்கு நகர வேண்டிய நேரத்தில் ஹாஸ்கெல் தொண்டையைச் செருமி, "யார் வேண்டாம்னு சொல்வா?" என்று கேட்டுவிட்டார், பழக்கதோஷம்.

யாரும் பேசவில்லை. கடையில் மற்றவர்களும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள், ஏன் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

கல்லாவின் மேலிருந்த வானொலி இரைந்தது. ஷார்ட்ஸ்டாப் போகிறார், மத்தியக் களத்துக்காரர் போகிறார், புரூனோ ஹூஸ்டனுக்குப் போகிறார். செய்தி வாசிப்பவர் தொண்டையைச் செருமினார், ஹாஸ்கெல் செருமிய அதே மாதிரி. ஹாஸ்கெல் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"காப்பி ஊத்தட்டுமா கண்ணு?" என்றாள் நடீன்.

அன்று மாலை லொரெய்ன் அவருடைய தலையணையைக் கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்திருந்தாள். காரணம் கேட்டாலும் அவள் பேசுவதாக இல்லை.

மறுநாள் காலை மேசையில் ஹாஸ்கெல் குரலைத் தாழ்த்தினார். "விட்டுடுடா வெண்டெல். இது நல்லதுக்கில்ல."

"என் வீடு சுடுகாடு மாதிரி கிடக்குடா. புரூனோவை வாங்கிக் குடுத்துட்டு நிறுத்திடறேன்."

"எதைக் குடுத்து வாங்குவ? உன் அணியில மிச்சம் இருக்கறவங்களைக் கூட்டினா சீட்டாடக்கூட ஆள் பத்தாது."

உண்மைதான். கெட்சப் புட்டி அநாதையாக நின்றது. வெண்டெல் மண்டையைச் சொறிந்தார். கொடுக்க ஆளில்லாத அணி எப்போதும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இப்போது புரூனோ வரட்டும், பதிலுக்கு யார் என்பதை ஆறப்போட்டு முடிவு செய்யலாம்.

"பெயர் பிறகு சொல்லப்படும் ஆட்டக்காரர் ஒருத்தர்," என்றார்.

வெறும் மேசையில் எந்தப் பொட்டலமும் இல்லாமல் ஒரு விரலை மட்டும் மிளகுப் பக்கம் நகர்த்தினார். இர்வ் அந்த விரலை நெடுநேரம் பார்த்தார். சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறவர் பார்க்கிற பார்வை அது.

"யார் வேண்டாம்னு சொல்வா?"

புரூனோ வந்துவிட்டான்! லொரெய்ன் உருளைக்கிழங்கு அடைத்த பிரோகி செய்தாள், வெண்டெலின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள், தலையணையை மேலே கொண்டுவந்தாள். அன்றிரவு வெண்டெல் குழந்தையைப் போலத் தூங்கினார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான். ஆனால் தவளை கத்தி முடித்துவிட்டதே.

கொட்டும் பனியில், தலையில் ஓலைத் தொப்பியோடு ஒருவர் கம்பளக் கடைக்கு வந்தார்.

"அந்தச் சுருளைத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டாங்க சார்."

வெண்டெல் தூக்கிவந்தார். தொப்பிக்காரர் சட்டைப் பையிலிருந்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"மோசமில்ல. கம்பளம் வேண்டாம்."

பிறகு எங்கு பார்த்தாலும் அந்தத் தொப்பி. தேவாலயத்தில் பின்வரிசையில் இருந்தது, முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் தெரிந்தது. வெண்டெல் பனியில் வழுக்கி விழுந்த இடத்தில், விழுந்த விதத்தைக் குறித்துக்கொண்டு நின்றது. மருத்துவரின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"உங்க முழங்கால் எக்ஸ்ரேவை அனுப்பிட்டோம் சார்."

"யாருக்கு?"

"உங்க புது அணிக்கு. வாழ்த்துகள்!"

அன்று சாப்பிடும்போது லொரெய்ன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள், "வெண்டெல், உனக்கு வெயில் ஒத்துக்குமா?"

வெண்டெல் பிரோகித் தட்டைத் தள்ளி வைத்தார்.

விடிந்ததும் நடீன் கடைக்கு ஓடினார். "அந்த டிரேடு செல்லாது! புரூனோவைத் திருப்பி அனுப்பறேன்!"

"செல்லாதா?" ஹாஸ்கெல் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. "வாங்கினது வாங்கினதுதான்டா. வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப நான் பேரைச் சொல்லிடறேன். ஹூஸ்டனுக்கு நான் தர்ற ஆள்..." வெண்டெல் மூச்சு வாங்கினார். "ஹாஸ்கெல்!"

"அடப்பாவி! பள்ளிக்கூடத்துலேர்ந்து பழகினவன்டா நான்!"

"சியாட்டிலுக்கு இதுல பேச்சே கிடையாது. இர்வ், நீ சொல்லு. ஹாஸ்கெல். வாழ்நாள் முழுக்கத் தபால் பை தூக்கின தோள். யார் வேண்டாம்னு சொல்வா?"

இர்வ் மிளகுக் குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். யாரையும் வேண்டாமென்று சொல்லாத மனிதர், முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"வேண்டாம்."

"ஏன்?"

"எங்களுக்கு வேற ஆளைப் பிடிச்சிருக்கு."

கல்லாவின் மேலிருந்த வானொலி இரைந்தது. பெயர் சொல்லத் தொடங்கியது. முழுப்பெயரும் வருவதற்குள் வெண்டெல் தெருவில் இருந்தார்.

வீட்டு வாசலில் ஒரு நீளமான கார் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஓலைத் தொப்பிக்காரர், பின்கதவைத் திறந்து பிடித்தபடி. படிக்கட்டில் வெண்டெலின் பெட்டி, அழகாகக் கட்டி வைத்திருந்தது. லொரெய்ன் கட்டினால்தான் பட்டைகள் அப்படி நேராக இருக்கும்.

அவள் கதவருகே நின்றிருந்தாள். அழுதிருந்தாள், அது பொய்யில்லை.

"லொரெய்ன், நீ சொன்னாப் போதும். வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை."

அவள் வாய் திறந்தது. வெண்டெல் அவள் உதட்டையே பார்த்தார். இத்தனை காலம் அவர் உயிரோடு இருந்ததே அந்த வாயிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்கத்தான் என்று அப்போது தோன்றியது.

"அடுத்த வாரம் புரூனோ பயிற்சிக்கு வந்துடறான், வெண்டெல்," என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

பிறகு கிட்டே வந்து அவர் கழுத்துக் கம்பளித் துண்டை மெதுவாக அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். "அங்க இது தேவைப்படாது."

காரின் முன்னிருக்கையிலிருந்து இன்னொரு ஆள் இறங்கினார். வெண்டெலின் வயதுதான், வெண்டெலின் உயரம்தான். வாசல் மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, "முட்டை ரெண்டு பக்கமும் வேகணும்மா," என்றபடி உள்ளே போனார். லொரெய்ன் கம்பளித் துண்டை அவர் கழுத்தில் போட்டுவிட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

கார் நகர்ந்தது. வெண்டெல் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "லொரெய்ன்! லொரெய்ன்!" என்று அழுதார். கார் தெரு முனையில் திரும்பியது, வீடு மறைந்தது.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த தொப்பிக்காரர் கைக்குட்டையைப் பின்பக்கம் நீட்டினார்.

"நல்லா அழுதுக்கோங்க சார், தப்பேயில்ல. போன தடவை உங்களை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டப்பவும் வழி முழுக்க இப்படித்தான் அழுதீங்க. அப்ப நீங்க கூப்பிட்டது வேற பொம்பளை பேரு."