துபாய்க்குப் பக்கத்தில் ஒரு மொம்பாசா

எங்கள் கறம்பக்குடிப் பக்கத்தில் எதையாவது மறைக்க வேண்டுமென்றால் பொய் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் சொன்னால் போதும். எதிரே இருப்பவர் "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிடுவார். திருப்பிக் கேட்டால் தனக்குத் தெரியாதது வெளியே தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தை நம்பித்தான் நான் கல்யாணமே செய்துகொள்ளப் பார்த்தேன்.

கென்யாவில் மொம்பாசா என்று ஒரு துறைமுக நகரம். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. செய்தியைச் சொன்னதும் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆப்பிரிக்காவா? சிங்கம் புலியெல்லாம் தெருவுல திரியுமாம்ல?" (புலி ஆப்பிரிக்காவில் கிடையாது என்று சொல்லி ஆறுதல்படுத்தினேன். "அப்ப சிங்கம்?" என்று கேட்டு இன்னும் சத்தமாக அழுதாள். பொது அறிவை வைத்து நான் யாரையும் தேற்றியதாகச் சரித்திரமே இல்லை.)

அதே சமயத்தில் ஜெகதாப்பட்டினத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் வளர்மதி. அவளுடைய அப்பா அங்கே ஐஸ் பிளான்ட் வைத்திருந்தார்; அண்ணன் ஷார்ஜாவில் வேலை பார்த்தான். எங்கள் தரப்பில் பேச்சுவார்த்தைக்குத் தலைமை என் தாய்மாமன் சிதம்பரம். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆப்பிரிக்கான்னு சொன்னா பொண்ணு தர மாட்டாங்க மாப்ள. ஊரு பேரை மட்டும் சொல்லு. அதையும் இங்கிலீஷ்ல சொல்லு. போர்ட் ஆஃப் மொம்பாசா. எங்க, சொல்லு பாப்போம்."

கண்ணாடி முன்னால் நின்று, ஏதோ கப்பல் கேப்டன் மாதிரி தாடையை இறுக்கிச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். பெண் பார்க்கப் போன அன்று வளர்மதியின் அப்பா "மாப்ளைக்கு எங்க வேலை?" என்று கேட்டதும், "போர்ட் ஆஃப் மொம்பாசா" என்று ஒரே மூச்சில் விட்டேன். அவரும் தலையாட்டினார். அத்தோடு நின்றிருக்கலாம். மாமாவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "துபாய்க்குப் பக்கம்" என்று சேர்த்துவிட்டார்.

சற்று நேரத்தில் காபி கொண்டுவந்த வளர்மதி என்னை நிமிர்ந்து பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்பில் நான் காலி. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்லும் தைரியமே எனக்கு வரவில்லை. சொன்னால் இவள் கிடைக்காமல் போய்விடுவாள் என்ற பயம் மட்டும் நாளுக்கு நாள் கூடியது.

நிச்சயதார்த்தம் முடிந்தது. நான் முதலில் போய் வேலையில் சேர்ந்துவிட்டு, லீவில் வந்து தாலி கட்டுவதாக ஏற்பாடு. நண்பர்கள் சும்மா இருப்பார்களா? பஸ் ஸ்டாண்டில் பிளக்ஸ் வைத்தார்கள். கூலிங்கிளாஸ் போட்ட நான், எனக்குப் பின்னால் ஒரு கப்பல், கப்பலுக்குப் பின்னால் துபாயின் உயரமான கட்டடம். மேலே கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில், மொம்பாசா. அந்த பிளக்ஸ்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் மாவட்டத்தில் ஒருவன் விமானம் ஏறுகிறான் என்றால் அவன் பாதி தபால்காரன். அந்தத் திசையில் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வரும். மறுத்தால் மரியாதை இல்லை. அபுதாபிக்கு மாவடு வந்தது. துபாய்க்கு இட்லிப்பொடி வந்தது. கத்தாரில் இருக்கும் தன் தம்பிக்கு எதிர்வீட்டு அக்கா முறுக்கு கொண்டுவந்தார்.

"பக்கம்தானப்பா. லீவு நாள்ல ஒரு பஸ்ஸப் புடிச்சுப் போயிக் குடுத்துட்டு வந்துரு. ஒடையாமப் பாத்துக்க."

"சரிக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? எங்கள் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லாமல் போனது.

புறப்படும் நாள் காலையில் ஐஸ் பிளான்ட் மினிவேன் வாசலில் வந்து நின்றது. என்னை வழியனுப்ப வளர்மதியும் அவளுடைய அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு மூட்டை. அது கருவாடு என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஷார்ஜாவுல இருக்குற மகனுக்கு, மாப்ள. அவனே வந்து வாங்கிக்கிறேன்னுட்டான்" என்றபடி அவனுக்கு வீடியோ கால் போட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மச்சான், நீங்க எந்த ஏரியா? வெள்ளிக்கிழமை வாரேன்" என்றான் மைத்துனன்.

"போர்ட் ஆஃப் மொம்பாசா."

"அது கென்யாவுல்ல இருக்கு? ப்ளைட்டப் புடிச்சுல்ல வரணும்?"

சிதம்பரம் மாமா சட்டென்று நகர்ந்து, வாழைமரம் குலை தள்ளியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கத் தொடங்கினார். வளர்மதியின் அப்பா போனை அணைத்தார். "கென்யாங்கிறது எங்கிட்டு இருக்கு மாப்ள?" நான் வாயைத் திறந்தேன். தமிழும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆப்பிரிக்காவுலப்பா" என்றாள் வளர்மதி. "பொண்ணு பாக்க வந்தன்னைக்கே, காபி ஆத்துறப்பவே போன்ல தேடிப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சுதான் சரின்னு சொன்னியா?"

"அதனாலதான் சொன்னேன். கறம்பக்குடி மாப்ளன்னதும் பயந்து கெடந்தேன். கடல் இல்லாத ஊர்ல என்னால இருக்க முடியாதுப்பா. அங்க நம்ம ஊரு மாதிரியே கடலு, போட்டு, மீனு எல்லாம் இருக்கு." பிறகு என்னிடம் திரும்பி, "என்னையக் கூட்டிக்கிட்டுப் போவீங்கள்ல?" என்றாள்.

தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுடைய அப்பா கருவாட்டு மூட்டையைக் கீழே இறக்கி வைத்தார்.

"தூரமா இருந்தா என்ன மாப்ள? மொதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கருவாடு கட்டியிருக்க மாட்டேன்ல" என்றார். பெண்ணே சரி என்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்த வருத்தம் அது ஒன்றுதான்.

மற்றப் பொட்டலங்களை மாமாதான் ஸ்கூட்டரில் வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது என்று பாடம் நடத்த வேண்டியிருந்ததாம். (முறுக்கு நொறுங்கிவிட்டது. எதிர்வீட்டு அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.)

இப்போது மொம்பாசாவில், கடல் காற்று வரும் வீட்டில் நானும் வளர்மதியும் குடியிருக்கிறோம். மீன் மார்க்கெட்டில் அவள் சுவாஹிலியில் பேரம் பேசுவதை நான் பையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக வேடிக்கை பார்ப்பேன். ஒன்றுதான் மாறவேயில்லை. இரண்டு குடும்பத்திலும் யாராவது ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் மழுப்பினால், உடனே அந்தக் கேள்வி வந்துவிடும்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சர்க்கரை எப்படி இருக்கிறது என்றாள் வளர்மதி.

"பார்டர்லைன்" என்றேன்.

"துபாய்க்குப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு, என் முன்னால் இருந்த அல்வாத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.