கதவுக்குத் தெரிந்த ஒரே முகம்

கராங்வெனிங்,
புதன்கிழமை

அன்புத் தங்கை லஸ்மினிக்கு,

இறைவன் உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் நீண்ட ஆயுளையும், கல்யாண வீட்டில் வந்து இறங்கியிருக்கும் நம் சொந்தக்காரர்களைத் தாங்கும் பொறுமையையும் தரட்டும். நான் நலம், என் ரத்த அழுத்தம் மட்டும் நலமில்லை. இத்துடன் இருக்கும் உறையில், உன் மகள் கினாசிக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை என்று எங்கள் மாவட்டப் பதிவு அலுவலகம் கொடுக்கும் சான்றிதழ் இருக்கிறது. அது இல்லாமல் சனிக்கிழமை நிக்காஹ் நடத்திவைக்க மாட்டார்கள், சனிக்கிழமையை விட்டால் சூரோ மாதம் பிறந்துவிடும், சூரோவில் யார் வீட்டிலும் கல்யாணம் கிடையாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். "அந்த ஆபீஸ்லயே குப்பை கொட்டுற அண்ணன் இருந்தும் ஒரு காகிதம் வர இத்தனை நாளா?" என்று நீ கேட்டபோது நான் போனை வைத்துவிட்டது கோபத்தினால் இல்லை. அலுவலக விஷயத்தைப் போனில் பேசக்கூடாது என்று எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் கடிதம். படித்துவிட்டுக் கிழித்துவிடு.

முன்பெல்லாம் மாவட்டத்து ஜனங்களின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் அத்தனையும் அடங்கிய கம்ப்யூட்டர் பின்பக்க அறையில் இருந்தது, அறைச் சாவி இபு பார்மியின் டீக்கடை ஆணியில் தொங்கியது, வேண்டியவர் எடுத்துப்போய் வேலை முடிந்ததும் திரும்ப மாட்டுவார், ஒரு குறையும் வந்ததில்லை. போன வருஷம் மாகாணத்திலிருந்து உத்தரவு வந்தது: எல்லா அலுவலகமும் நவீனத் தொழில்நுட்பத்துக்கு மாற வேண்டும், ஒதுக்கிய பணத்தை டிசம்பருக்குள் செலவழித்து முடிக்க வேண்டும். எதற்காக மாற வேண்டும் என்று அதில் இல்லை. தகவல் பாதுகாப்புப் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்து என்னைத் தலைவராகப் போட்டார்கள். அலுவலக வண்டி நிறுத்துமிடத்தை நான் பார்த்துக்கொண்ட வரையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூடக் களவு போனதில்லை, அதுதான் தகுதி. முதலில் கடவுச்சொல் வைக்கச் சொன்னார்கள். நம் வழக்கப்படி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, பொரித்த வாழைப்பழம் தின்று, யார் மனமும் நோகாமல் ஒருமனதாக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தோம். எனக்குச் சொல்லவில்லையே என்று அப்புறம் யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக் கூடாதே என்று, திங்கட்கிழமை காலை அணிவகுப்பில் ஒலிபெருக்கி வைத்து நானே அதை இரண்டு தடவை வாசித்தேன். ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த ஆலோசகன் தனாங், சின்னப் பையன், தெருவில் மாமிச உருண்டை வண்டிக்காரர் அந்தச் சொல்லை ராகம் போட்டுப் பாடுவதைக் கேட்டுவிட்டு, தலையில் கைவைத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவன் கொண்டுவந்ததுதான் செயற்கை நுண்ணறிவுக் கதவு. முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். அதுமட்டுமா, யார் முகத்தைப் பார்க்கிறதோ அவருடைய கோப்பு உள்ளே திரையில் தானாகவே வந்து நிற்கும், எதையும் தட்டவே வேண்டாம் என்று பீற்றிக்கொண்டான். ரகசியம் வெளியே போகாமலிருக்க அச்சு இயந்திரத்தையும் உள்ளேயே வைத்துப் பூட்டினோம். முதலில் பதிகிற முகம்தான் கதவுக்கு எஜமான், அவர் வந்து நின்றால்தான் அடுத்த முகத்தைச் சேர்க்க முடியும். முதல் மரியாதை மாவட்டத்தையே ஆளுகிற புபாட்டி ஐயாவுக்குத்தானே? திறப்பு விழாவில் மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டிக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு முகம் காட்டினார். டிவிக்காரர்கள் வருகிறார்கள் என்று இபு சுலஸ்த்ரி, நம் கினாசிக்கு மணப்பெண் அலங்காரம் செய்யப்போகிறாளே அவளேதான், ஐயாவின் கன்னத்துக் குழிகளை மாவு பூசி நிரப்பி, புருவம் தீட்டி, ஆளையே இளமையாக்கி விட்டிருந்தாள். அடுத்தது யார் என்று தனாங் கேட்டான். ஒருவரும் அசையவில்லை. எங்கள் அலுவலகத் தலைவர் பாக் குனாடி அவனை ஓரங்கட்டி, "தம்பி, புபாட்டிக்கு அடுத்த மூஞ்சி என் மூஞ்சின்னு நானே போய் நிக்க முடியுமா? துணைப் புபாட்டி என்ன நினைப்பாரு?" என்றார். யார் முகம் யாருக்கு அடுத்தது என்று முடிவு செய்யக் குழு போட்டோம். குழுவில் யார் முதல் நாற்காலியில் உட்காருவது என்ற தகராறில் அது இன்னும் கூடவேயில்லை.

இந்த லட்சணத்தில் ஐயா மக்காவுக்கு உம்ரா யாத்திரை கிளம்பிப் போனார். அவர் போன மறுநாளே மின்சாரம் போய் வந்தது, உள்ளே கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் எழுந்துவிடும். ஆனால் கதவுக்கு மட்டும் தனி பேட்டரி, அது கம்பீரமாக மூடிக்கொண்டு நிற்கிறது. என் முகத்தைக் காட்டினேன், "அனுமதி இல்லை" என்றது. பாக் குனாடி தொப்பியோடு காட்டினார், தொப்பியில்லாமல் காட்டினார், அதே பதில்தான். தனாங்குக்குப் போன் போட்டால், உடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அது பாதுகாப்பு அம்சம் என்கிறான். வரிசையில் நின்றவர்கள் என்னைக் கேட்ட கேள்விகளை எழுதக் கை கூசுகிறது. எனக்கோ கினாசியின் முகம்தான் கண்ணில் நின்றது, சோறு இறங்கவில்லை. கடைசியில் காவலாளி முஜியோதான், "ஐயா, அவரு மூஞ்சிதானே வேணும்? அது ஊர் பூராவும் தொங்குதே" என்றான். நாற்சந்தியில் கட்டியிருந்த பெருநாள் வாழ்த்துப் பதாகையை அவிழ்த்து நாலு பேர் தூக்கிவந்தோம். அதில் சிரித்த ஐயாவின் முகத்திலும் சுலஸ்த்ரி கைவண்ணம்தான். கதவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தோம். "வாருங்கள், மாண்புமிகு புபாட்டி அவர்களே" என்று திறந்துகொண்டது. நான் குனிந்து பதாகைக்கு அடியில் நுழைந்து ஓடி, பொத்தானை அமுக்கி, திரை வந்ததும் 'திருமணமாகாதவர் சான்றிதழ்' என்பதைத் தட்டி, வந்த காகிதத்தை அப்படியே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். கதவு மனம் மாறுவதற்குள் வெளியே வர வேண்டாமா?

நேற்று ஐயா திரும்பி வந்தார். மொட்டைத் தலை, வெயிலில் கறுத்த முகம், மாவு ஏதும் பூசாத அசல் கன்னம். கதவைப் பார்க்க வேண்டும் என்றார். கதவு அவரைப் பார்த்தது, "அனுமதி இல்லை" என்றது. லஸ்மினி, எங்கள் நிலைமையை யோசித்துப் பார். கதவு தப்பு என்றால் அதைத் திறந்துவைத்தவரும் தப்பு. கதவு சரி என்றால் அது அதைவிடப் பெரிய வில்லங்கம். பாக் குனாடிதான் சமாளித்தார்: "ஐயா, இதுதான் பாதுகாப்பு. உங்களையே விடலேன்னா வேற எவனை விடும்?" ஐயா கை தட்டினார், நாங்களும் தட்டினோம். பதாகை சமாச்சாரம் காதுக்குப் போனதும் மட்டும் முகம் சிவந்து, அது பாதுகாப்பில் ஓட்டை என்று சொல்லி, மாவட்டத்தில் உள்ள தன் பதாகை அத்தனையையும் எரிக்கச் சொன்னார். எரித்தோம். இனிமேல் வாரம் ஒருமுறை அவரே அலங்காரத்தோடு வந்து கதவைத் திறப்பார். இபு சுலஸ்த்ரியை என் பிரிவில் நவீனத் தொழில்நுட்ப அலுவலராக நியமித்தாயிற்று. எங்கள் பெயரைச் சிறந்த புதுமை விருதுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

எப்படியோ, உன் காகிதம் வந்துவிட்டது. இனி நிம்மதியாகப் பந்தல் வேலையைப் பார். கினாசியும் பையனும் சோறும் சிரிப்பும் குறையாமல் வாழட்டும். உன் வீட்டுக்காரருக்கு என் சலாம், சம்பந்தி வீட்டாருக்கு என் பணிவு.

உன் அண்ணன்,
விர்யோனோ

பின்குறிப்பு: இரவு பஸ்ஸில் கொடுத்தனுப்பும் முன் மனசு கேட்காமல் உறையைப் பிரித்துப் பார்த்தேன். யார் முகமோ அவர் கோப்பு என்று தனாங் சொன்னது அப்போதுதான் உறைத்தது. புபாட்டி ஐயாவுக்கு இதுவரை கல்யாணமே ஆகவில்லை என்று மாவட்ட முத்திரையோடு அச்சாகியிருக்கிறது. கேட்டவர் மனம் நோகாமல் எதையும் கொடுக்கும்படி அந்த இயந்திரத்தைப் பழக்கியிருக்கிறார்கள் போலும். அவருடைய மனைவியைத்தான் நீ சனிக்கிழமை முதல் வரிசையில் உட்காரவைக்கப் போகிறாய், அதனால் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். சரியான காகிதத்துக்குக் கதவு திறக்க வேண்டும், கதவுக்கு ஐயாவின் அந்தப் பழைய முகம் வேண்டும், முகத்துக்கு சுலஸ்த்ரி வேண்டும். அவள் இன்று மத்தியானம்தான் விடுப்பில் உன் வீட்டுக்குக் கிளம்பினாள். கையெழுத்துப் போட்டவன் நான்தான். கடிதம் கண்டதும், கினாசிக்கு ஒரு புருவம்தான் தீட்டியிருந்தாலும் சரி, அவளை அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பு. பெண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் புபாட்டியை அலங்காரம் பண்ணட்டும்.