பதினைந்து நிமிடத்தில் நான் திருந்திய விதம்

நாகர்கோவில்
ஜூலை 2013

கர்த்தருக்குள் அன்பான சத்தியபாய் அக்காவுக்கு, தம்பி செல்வதாஸ் வணக்கத்தோடு எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். என் மானத்துக்கு மட்டும் சற்றுச் சுகவீனம். நான் வடசேரி ஒயின்ஷாப்பில் நின்றதாக உனக்கு வந்த செய்தி உண்மைதான். அழாமல் மீதியையும் படி.

குடிக்கிற மாணவர்களிடம் தனியாகப் பதினைந்து நிமிடம் பேசினால் குடி குறைகிறதா என்று மூன்று கல்லூரிகளில் பார்த்தார்கள். எங்கள் கல்லூரியில் பாதியாகக் குறைந்தது என்று நான் பீற்றித் திரிந்தது உனக்கே தெரியும். பெங்களூரில் ஆராய்ச்சி செய்யும் என் மகள் ஜினி, மூன்று கணக்கையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் உண்மை தெரியும் என்றாள். புள்ளியியல் வாத்தியார் ஆயிற்றே, அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரித்துப் பார்த்தால் ஒரு கல்லூரி குவார்ட்டரில் கேட்டிருக்கிறது, ஒன்று பெக்கில், இன்னொன்று கிளாஸில். எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றாமல் எப்படிக் கூட்டுவது? ஆலயத்தில் தரும் திருவிருந்துத் திராட்சரசம் தவிர வேறொன்றும் அறியாத நான், அந்தக் கிளாஸ் எவ்வளவு பிடிக்கும் என்று கண்டேனா? கெமிஸ்ட்ரி லேபின் அளவு ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கே போய், பிளாஸ்டிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். கடைக்காரர், "சாரே, இத்தற கணக்குப் பாத்துக் குடிக்கிய ஆள நான் கண்டதில்ல" என்றார். ஜாடியைப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்பினால், வாசலில் நின்ற ஆட்டோவில் சபைச் செயலரின் மனைவி லீலாபாய்.

லீலாபாய் சொல்லக் கேட்டு, அன்று மாலையே பிரபின் என் வீட்டுக்கு வந்தான். நம் சபைப் பையன். மாணவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நான் பயிற்சி கொடுத்தவன். "சாரே, நான் குத்தம் சொல்ல வரேல. கொஞ்சம் கொறச்சா நல்லாருக்கும்னு உங்களுக்கே தோணியது உண்டா?" என்று, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில் கேட்டான்.

"எலே, நான் குடிக்கவே மாட்டேன்" என்றேன்.

"முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ, சாரே" என்று கனிவாகத் தலையாட்டினான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பதினைந்து நிமிடம் முடியுமுன், "சரிடே, கொறச்சுக்கிடுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவன் போன பிறகுதான் உறைத்தது: எங்கள் மாணவர்களும் என் முகத்தைப் பார்த்து இப்படித்தான் குறைத்ததாகச் சொல்லியிருப்பார்கள். வெட்கத்தை விட்டு ஜினியிடம் சொன்னேன். "அதுக்குத்தாம்ப்பா மூணையும் சேக்கோம். ஒரு எடத்துல மரியாதைக்குச் சொன்னா, மத்த எடத்தோட வச்சுப் பாக்கும்ப தெரிஞ்சுரும்" என்றாள். அப்படியே தெரிந்தது. மூன்றும் சேர்ந்தபோது குறைந்தது கொஞ்சமே கொஞ்சம். கொஞ்சமானாலும் மெய். இனி என் கணக்கில் ஒரு பொய்யும் நுழையாது, அக்கா.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக, லீலாபாயையும்.

உன் தம்பி,
செல்வதாஸ்

பின்குறிப்பு: சற்றுமுன் பிரபின் வந்தான். எங்கள் கல்லூரிக் கணக்கில், குடியைக் குறைத்தவர்களில் என்னையும் சேர்த்து அனுப்பிவிட்டானாம். மாணவர் படிவத்தில் இருபத்தைந்துக்கு மேல் வயது போட வழியில்லாததால் இருபத்திரண்டு என்று போட்டிருக்கிறான். இருபத்திரண்டு, அக்கா! திருத்தச் சொல்ல மனம் வரவில்லை.