கால்குலேட்டர் திரையில் ஐந்து கோடுகள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நலமும் உங்கள் வீட்டில் அக்காவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். இங்கே மகள் நலம், உங்கள் தங்கை நலம். அவள் இன்னும் வேலையிலிருந்து திரும்பாததால் இந்த நிமிடம் வரை நானும் நலம்.

போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது, நிலம் அளக்கும் வேலையில் இருபது வருஷம் உங்களோடு வெயிலில் அலைந்த அந்த கிராஃப் போடும் கால்குலேட்டரை, மருமகள் பரீட்சைக்கு உதவட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

இன்று காலை கடையைத் திறந்து பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் மகள் உள்ளே வந்து, "அப்பா, ஸ்கிரீன்ல கோடு கோடா தெரியுது. நாளன்னிக்குப் பரீட்சை" என்றாள். இருபத்தாறு வருஷமாக மூக்குக் கண்ணாடி விற்பவனிடம் வந்து கோடு தெரிகிறது என்றால் அவன் என்ன செய்வான்? நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை படித்தாள். அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்தாள். அப்படியும் நான் லென்ஸை எடுக்கப் போக, "கோடு என் கண்ணுல இல்லப்பா, இதுல" என்று கால்குலேட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

பார்த்தேன். திரையில் மேலிருந்து கீழாக ஐந்து கறுப்புக் கோடுகள், சிறைக் கம்பி மாதிரி. கம்பிகளுக்குப் பின்னால் ஒரு வளைகோடு பாதியில் நின்றிருந்தது. பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் பார்ப்பவரைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "முதல்ல கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக் கொறச்சுப் பாருங்கண்ணே. அப்புறம் பேட்டரி. அதுக்கும் சரியாகலைன்னா ரீசெட் பண்ணுங்க. கழட்டறதை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க" என்றார். நல்ல மனிதர். கடைசி வாக்கியத்தை நான் கேட்டிருக்க வேண்டும்.

கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன், திரை முழுக்கக் கறுத்து சிலேட்டு மாதிரி ஆனது. குறைத்தேன், எல்லாமே மறைந்து வெள்ளைத்தாள் ஆனது. மறுபடி கூட்டினால் அதே ஐந்து கோடுகள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். சரி என்று நாலு பேட்டரியையும் மாற்றினேன். கோடு இரண்டு குறைந்தது. அந்த சந்தோஷத்தில் விரல் எந்தப் பொத்தானில் பட்டதோ தெரியவில்லை, ஒரு பட்டியல் வந்து நின்றது.

மச்சான், அது முப்பத்திரண்டு பெண்களின் பெயர்ப் பட்டியல்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு எண். வயதோ என்று பார்த்தால் ஒருவருக்குத் தொண்ணூற்றெட்டு. எடையோ என்றால் இன்னொருவருக்குப் பதினொன்று. வாசிக்கும் கண்ணாடியில் ஸ்க்ரூ தளர்ந்துவிட்டதென்று காத்திருந்த பஸ் டிரைவர், "என்ன சார், முகமெல்லாம் வேர்த்திருக்கு? என்ன அது?" என்று கேட்டார். "கணக்கு" என்றேன். அவர் கண்ணாடி என் கையில் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த மட்டும் பிழைத்தோம்.

உங்களை நான் எதுவும் கேட்கப்போவதில்லை. ஊர் ஊராக நிலம் அளக்கப் போகிறவர், எத்தனையோ பேரைப் பார்க்க நேரிடும். ஆனால் நாளன்றைக்குப் பரீட்சை அறையில் உங்கள் மருமகள் இதே பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? அல்லது உங்கள் தங்கை? அந்த அம்மா கொதித்தால் முதலில் வேகப்போவது நான்தான். அதனால் குடும்ப மானத்தை நினைத்து ரீசெட் பண்ணினேன். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று அது கேட்டது. அழி என்றேன். நிச்சயமாகவா என்றது. என்னைவிட அதற்கு உங்கள்மேல் அக்கறை. நிச்சயமாக என்றேன். முப்பத்திரண்டு பேரும் போனார்கள். மூன்று கோடுகள் மட்டும் போகவில்லை.

அதன்பிறகுதான் எனக்குப் புத்தி பிசகியது. கண்ணாடிக்கான குட்டி ஸ்க்ரூடிரைவர் கையிலேயே இருந்ததா, பின்பக்கத்து ஆறு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டேன். உள்ளே திரையையும் பலகையையும் இணைக்கும் நாடா ஒன்று இருந்தது. கட்டைவிரலால் ஓர் அழுத்து. இரண்டு கோடுகள் காணாமல் போயின. விட்டிருக்கலாம். இன்னோர் அழுத்து. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரையின் மூலையில் மை கொட்டினாற்போல ஒரு கறுப்பு கிளம்பி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிதானமாக மறு மூலைக்கு நடந்தது. நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். கண் பரிசோதனை நாற்காலி என்பதால் எதிரே எழுத்துப் பலகை. பெரிய எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. அந்தப் பதற்றத்தில் கால்குலேட்டர் ஸ்க்ரூவை டிரைவர் கண்ணாடியில் முடுக்கி அனுப்பிவிட்டேன். தெருமுனை வரை போனவர் ஒற்றைக் காதுக் கண்ணாடியோடும் மற்றக் காதைக் கையில் பிடித்துக்கொண்டும் திரும்பி வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது ஏதாவதா சார்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நடந்தது இவ்வளவே. உங்கள் பொருளை நான் கொன்றுவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் ரகசியம் என்னோடு இருக்கும். பரீட்சைக்கு வேறொரு கால்குலேட்டர் யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். இனி அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் நோயின்றி, சந்தேகமின்றி நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது தாயும் மகளும் சேர்ந்தே உள்ளே வந்தார்கள். மேஜையைப் பார்த்த மகள் பையைக் கீழே போட்டுவிட்டாள். "அப்பா, இது எங்க கணக்கு டீச்சரோடது. அம்மா மாமாவோடதைத் தரமாட்டேன்னுட்டாங்கன்னு டீச்சர் தந்தாங்க. ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுங்க மார்க்கெல்லாம் இதுலதான் இருக்கு." எத்தனை பேர் என்று கேட்டேன். முப்பத்திரண்டு பேராம். உங்களுடையது பீரோவில் பூட்டியிருக்கிறது, பத்திரமாக. "உங்க கையில ஸ்க்ரூடிரைவர் இருக்கற வரைக்கும் எங்கண்ணன் பொருளை வெளியில வைப்பேனா?" என்கிறாள் உங்கள் தங்கை. மகள் அதைத்தான் பரீட்சைக்கு எடுத்துப் போகிறாள். டீச்சர் காலையில் கடைக்கு வருகிறார்.

இதைக் கிழித்துப் போடலாம் என்று மடித்தேன். உங்கள் தங்கை பிடுங்கி முழுவதும் படித்துவிட்டாள். "அப்படியே போகட்டும்" என்று சொல்லி, பக்கத்திலேயே நின்றுகொண்டு இந்த வரிகளையும் எழுத வைக்கிறாள். உறையின்மேல் முகவரியை அவளே எழுதினாள். உங்கள் பெயருக்கு இல்லை, அக்கா பெயருக்கு.

ஆகவே, அக்கா, வணக்கம். மச்சான் தங்கமானவர்.