புள்ளி காட்டிய வயல்

நான் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். ஒருமுறை ஒருவர் வயலுக்குப் பதில் இன்னொருவர் வயலை அறுத்துவிட்டேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நன்னிலம் பக்கம் போனால் வேறு யாராவது கூட்டிச் சொல்வார்கள்.

அறுக்க வேண்டியது செல்வத்தின் வயல். செல்வம் துபாயில் இருக்கிறான். வழக்கமாக வயல்காரர் வரப்பில் நின்று எல்லை காட்டுவார், நாங்கள் வண்டியை இறக்குவோம். செல்வம் வாட்ஸ்அப்பில் இடத்தைக் குறித்து அனுப்பியிருந்தான். பக்கத்தில் யாரையாவது கேட்டிருக்கலாம். கையில் புதுப் போன். கேட்பேனா?

வண்டிப்பாதையில் நிறுத்திப் பார்த்தேன். நான் நிற்கும் இடம் நீலப் புள்ளி. இடப்பக்கம் சிவப்புக் குறி, அது செல்வம் வயல். எல்லாம் சரி. அப்போது அவன் வீடியோ காலில் வந்தான்.

“கலியண்ணே, அறுக்குறத நேரா பாக்கணும். போனை அப்படியே மாட்டி வெச்சுட்டு ஓட்டுங்க.”

கம்பியில் மாட்டினேன். மூலையில் அவன் முகம், மீதியெல்லாம் மேப். அங்கே டவர் ஒரு கோடுதான். முகம் விட்டுவிட்டு வந்தது. நீலப் புள்ளி குதித்தது. செல்வம் வயலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. இப்போது சிவப்புக் குறி எனக்கு வலப்பக்கம். நான் நகரவே இல்லை. (இஞ்சினைக்கூடப் போடவில்லை.) ஆனாலும் வலப்பக்கம் இறக்கினேன்.

நெல் பச்சை ஓடிக் கிடந்தது. கண்ணில் பட்டது. சில ரகம் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டேன். வாசம் வேறு வந்தது. செல்வம் போட்டிருந்தது குண்டு நெல். அதற்கு ஏது வாசம்? (அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.) மேப், படித்தவர்கள் செய்தது. நான் ஆறாவது வரைதான். அடங்கிப் போனேன்.

“அண்ணே, கதிரைப் பாருங்க! நான் இல்லாமலே என்னமா வெளஞ்சிருக்கு!”

சொந்த வயல் அவனுக்கும் தெரியவில்லை. எனக்கு அது ஒரு ஆறுதல்.

பாதி முடிந்திருக்கும். வரப்பில் ஜமால் பாய் கைலியை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். இரண்டு கையையும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார். நிறுத்தினேன்.

போனுக்குள்ளிருந்து செல்வம், “சலாம் பாய்! நம்ம வயலப் பாத்தீங்களா?” என்றான்.

“பாத்தேன்பா. அது என் வயலு.”

செல்வம் இணைப்பைத் துண்டித்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் நீலப் புள்ளி தானாக நகர்ந்தது. செல்வம் வயலைத் தாண்டி, பாதையைத் தாண்டி, பாய் வயல் நடுவில் வந்து நின்றது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“சீரகச் சம்பாய்யா. நோன்பு கழிச்சு மவளுக்கு நிக்காஹ். என் வயல் அரிசியிலதான் பிரியாணின்னு சம்மந்திகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னும் பத்து நாள் போனா நானே உன்னைக் கூப்பிட்டிருப்பேன்.”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். “புள்ளி இங்கதான் காட்டுச்சு பாய்” என்றேன். அறுத்ததைவிட அந்தப் பதிலுக்குத்தான் இன்றும் கூசுகிறது.

மறுநாள் போன் கடைக்குப் போனேன். போன் கெட்டுவிட்டது என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதும் என்றிருந்தது.

“கெடலண்ணே. டவர் தூரமா இருந்தா போன் கத்திப் பேசும். இடம் காட்டுற சாட்டிலைட் சிக்னல் ரொம்பச் சன்னம். தவில் பக்கத்துல உக்காந்துகிட்டா, தூரத்துல கூப்பிடுறது கேக்குமா? மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கங்க. வயல்ல ஏரோப்ளேன் மோடு போடுங்க. கத்துறது நின்னுரும், புள்ளி ஒழுங்கா நிக்கும்.”

தலையாட்டினேன்.

“ஆனா அண்ணே, நெல்லு பச்சையா இருந்துச்சே?”

அதற்கு என்ன மோடு போடுவது? எழுந்து வந்துவிட்டேன்.

தப்பிய பாதி நெல் கல்யாணத்துக்குப் போதவில்லை. மீதி அரிசியைப் பாய் கடையில் வாங்கினார். சம்மந்தியிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நான் அறுத்தது மில்லில் நொறுங்கி நொய்யானது. அதைப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு நோன்புக்கும் தூக்குச்சட்டியோடு என் வீட்டு வாசலுக்கு வருகிறார்.

“கலியபெருமாளு, கஞ்சி. போனை அணைச்சுட்டுக் குடி. இல்லாட்டி பக்கத்து வீட்டுக்காரன் வாயில ஊத்திருவ.”

உள்ளேயிருந்து என் பெண்டாட்டி சிரிக்கிறாள். அணைத்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.