ஏழாம் வரிசை, ஜன்னல் ஓரம்

பத்ரூன்,
அக்டோபர் 25, சனிக்கிழமை

மதிப்புக்கும் கண்டனத்துக்கும் ஒருங்கே உரிய என் நாத்தனார் நுஹாதுக்கு, அண்ணி வதாத் எழுதுவது.

நான் நலம். என் இடது முழங்கால் நலமில்லை. அதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், அது சில மாதங்களாகக் குடும்பத்திலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு தன் இஷ்டப்படி வாழ்ந்து வருகிறது. மொன்றியலில் நீயும் உன் மகன் நதீமும், ஒரு வார்த்தை அரபி தெரியாமல் வளர்க்கப்பட்டிருக்கும் பேரப்பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை மருந்துக்கடை ஹன்னாவின் மகள் செவ்வாய்க்கிழமை விமானத்தில் கொண்டுவருவாள். அவளிடம் ஒரு கிலோ ஸஅத்தர் மூலிகைப் பொடியும் காய்ந்த அத்திப்பழமும் கொடுத்திருக்கிறேன். ஒரு கிலோ என்று எடை பார்த்துக் கட்டியது. வழியில் குறைந்திருந்தால் அவள் குடும்பத்தைப் பற்றி நான் எப்போதும் சொல்லி வந்தது உறுதியாகும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ அழுகிறாய். அழுகிறவளிடம் ஒரு வாக்கியத்தையும் கடைசிவரை சொல்ல முடிவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவளுக்கு அரைகுறை வாக்கியம் ஆகாது. ஆகவே எழுதுகிறேன். விஷயம் உன் சீட்டைப் பற்றியது.

நீ புறப்பட்ட அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வசந்தத்துக்குள்ள வந்துடுவேன் அண்ணி, என் சீட்ட யாருக்கும் விட்டுடாதீங்க" என்றாய். நான் விடவில்லை. உன் அண்ணன் இறந்த அடுத்த மாதம், வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை இழுத்துப்போய் மலைநடைக் கிளப்பில் சேர்த்தவள் நீதான். ஒன்பது ஆண்டுகள் ஞாயிறுதோறும் அந்த பஸ்ஸின் ஏழாம் வரிசையில் நீ ஜன்னல் ஓரம், நான் நடைபாதை ஓரம். பிறகு இரண்டு ஆண்டுகளாக உன் இடத்தில் என் பை. மருந்துக்கடை ஹன்னா கேட்டார். பூண்டு ஊறுகாய் வாசனையைக் காரணம் காட்டி மறுத்தேன். காதில் எப்போதும் எதையோ செருகியிருக்கும் ஒரு பெண் கேட்டாள். அவளிடம் பேசிப் பயனில்லை என்று மறுத்தேன். புதிதாகச் சேர்ந்த லோரிஸ் கேட்டாள். அவளிடம் பேசாமல் இருக்க முடியாது என்று மறுத்தேன். மற்றவர்கள் யாரும் இப்படிக் காலி இடத்தைக் காத்துவைக்கவில்லை. துபாய்க்கும் பாரிசுக்கும் பாதிப் பேர் போனபிறகு, மிச்சப்பட்டவர்களை கமில் ஜோடி ஜோடியாகச் சேர்த்து உட்காரவைத்துவிட்டான். முன்பு இரண்டு பஸ் கிளம்பும். இப்போது ஒன்று, அதிலும் பின்பக்கம் குளிர்பானப் பெட்டிகள்தாம் பயணம் செய்கின்றன. கமிலை நினைவிருக்கும். பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் இரண்டு முறை தோற்றவன். இப்போது எஞ்சினியர், கிளப்பின் தலைவன், மலையில் இருபத்திரண்டு பேர் உயிருக்குப் பொறுப்பு.

அந்தக் கிளப்பில் தலைகளை எண்ணும் வழக்கம் இல்லை என்பது உனக்குத் தெரியும். நாம் சேர்வதற்கு முன்பு ஒருமுறை, நிறுவனர் டாக்டர் ஃபுவாத் எல்லாரையும் விரல்விட்டு எண்ணினாராம், அன்றே ஒருவருக்குக் கால் உடைந்ததாம். அன்றிலிருந்து எண்ணினால் கண் படும் என்று விதி. மனிதர் அறுவைசிகிச்சை நிபுணர். வயிற்றுக்குள் வைத்த பஞ்சுகளையாவது எண்ணி எடுப்பீர்களா என்று நான் அவரிடம் கேட்டதும், அவர் ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்ததும் நீ அறிந்ததே. எண்ணுவதற்குப் பதிலாக, பஸ் கிளம்பும் முன் கமில் எழுந்து நின்று, பக்கத்தில் ஆள் இல்லாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்பான். உண்டென்றால் பஸ் நிற்கும். யாரும் பேசாவிட்டால் எல்லாரும் வந்தாயிற்று என்று பொருள். ஒருவருக்கு ஒருவர் சாட்சி. நல்ல ஏற்பாடுதான், எல்லாருக்கும் ஒருவர் இருக்கும்வரை.

இனி இம்மாதம் ஐந்தாம் தேதி நடந்தது. தன்னூரின் என்ற அந்த மலையூரின் மேல்சரிவில் நடை முடிந்து, புனிதை மார் தக்லாவின் சிற்றாலயத்துக்குக் கீழே பஸ் நின்றது. நான் ஏறி, பையை உன் சீட்டிலும், கம்பளிச்சட்டையை அதன்மேலும், தொப்பியை அதன்மேலும் வைத்துவிட்டு உட்காரப் போகும்போதுதான் உன் மெழுகுவர்த்தி நினைவுக்கு வந்தது. குடியுரிமைக் காகிதம் சீக்கிரம் வர வேண்டும் என்று தக்லாவுக்கு ஒன்று ஏற்றும்படி நீ எழுதியிருந்தாய். கடவுளிடம் எனக்குப் பழக்கமில்லை. ஒன்பது ஆண்டும் நீ உள்ளே போக, நான் வெளியே நின்று நேரமாகிறது என்று முணுமுணுத்தவள். இருந்தாலும் சொன்ன வேலை. பின்கதவால் இறங்கி, முப்பது படி ஏறி உள்ளே போனால், மெழுகுவர்த்தி இருக்கிறது, தீப்பெட்டி நனைந்திருக்கிறது. பொட்டாசியம் குளோரேட் ஈரத்தில் என்ன ஆகும் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தியவள் பதினொரு குச்சிகளைத் தேய்த்தேன். பன்னிரண்டாவது பற்றியது. அதைத் தக்லாவின் அற்புதம் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே. அந்தக் குச்சி பெட்டியின் நடுவில் இருந்தது. வெளியே வந்தபோது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

இதை எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் கேட்டிருக்கும், முப்பது படி தூரம்தான். படியில் நின்று காத்திருந்தேன். யாராவது சொல்லுவார்கள், பஸ் நிற்கும் என்று. முதல் வளைவில் நிற்கும் என்று நினைத்தேன். இரண்டாம் வளைவையும் தாண்டியபிறகுதான், சொல்லவேண்டியவள் மொன்றியலில் இருக்கிறாள் என்பது என் புத்திக்கு எட்டியது. போன் பையில், பை உன் சீட்டில், சீட் பஸ்ஸில்.

ஒரு மணிநேரம் கழித்து ஆப்பிள் ஏற்றிய ஒரு சிறு லாரி வந்தது. ஓட்டியவர் பூத்ரோஸ் என்று ஒரு தோட்டக்காரர், என் வயது இருக்கும். முன் சீட்டிலிருந்த கூடையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி என்னை ஏற்றிக்கொண்டார்.

"யாரு விட்டுட்டுப் போனது? புள்ளைங்களா?" என்று கேட்டார்.

பிள்ளைகள் இல்லை, கிளப் என்றேன்.

"கிளப்புன்னா?"

"கூட்டமா சேர்ந்து நடப்போம்."

"நடக்கறதுக்குக் கூட்டம் எதுக்கு?"

"யாரும் தனியா விட்டுப்போயிடக் கூடாதுன்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. வளைவில் கியரை மாற்றிக்கொண்டே, "எனக்கு நாலு புள்ளைங்க. நாலும் சிட்னில" என்றார். அதற்குப்பிறகு இருவரும் ஆப்பிள் விலையைப் பற்றி மட்டும் பேசினோம்.

பஸ்ஸில் நடந்ததை நீ எனக்கே கதையாகச் சொல்லி, சொல்லும்போதே அழுதாய். இருந்தாலும் என் பதிப்பையும் வைத்துக்கொள். அவர்கள் லப்னே தயிர் தடவிய ரொட்டி தின்ன நிறுத்திய இடத்தில், வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு உன் அழைப்பு வந்து, என் பை அலறியது. யாரும் எடுக்காததால் நீ கமிலின் போனுக்கு அடித்தாய், அதை எடுத்தவள் லோரிஸ். வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நான் தூங்குகிறேன் என்றாள். என் தொப்பியும் கம்பளிச்சட்டையும் தூங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். என்னைவிடக் கண்ணியமாகத் தூங்கினவாம். அதற்கு நீ சொன்னதை லோரிஸ் அன்றே என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்: "எங்க அண்ணி பஸ்ஸுல தூங்க மாட்டாங்க. எங்க அண்ணன் செத்த அன்னிக்கு ராத்திரியே தூங்கல. கிட்ட போய்த் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தார்கள். அத்தனை பேர் இருந்த பஸ்ஸில் நான் இல்லை என்பதைச் சொல்ல, கடலுக்கு அப்பாலிருந்து காலை உணவு முடித்த ஒருத்தி வேண்டியிருந்தாள். இதற்கு நன்றி சொல்வது மரபு. நன்றி.

திரும்பி வந்த பஸ்ஸும் ஆப்பிள் லாரியும் ஒரு குறுகலான வளைவில் முட்டிக்கொள்ளப் பார்த்தன. எல்லாரும் இறங்கினார்கள். லோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டு, நான் ஏதோ உயிர்த்தெழுந்த சடலம் என்பதுபோல அழுதாள். கமில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். இருபத்திரண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா என்று கேட்டேன். "எண்ணினா கண்ணு படும் டீச்சர்" என்றான். "பத்தாவதுல ரெண்டு தடவ பெயிலானியே, அது யார் கண்ணு?" என்றேன். டிரைவர் அபு மிலாத் மட்டும் சிரித்தார், பிறகு அவரும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

இதன் விளைவாகக் கமிட்டி கூடியது. இனி எண்ணலாம் என்று முடிவெடுப்பார்கள் என்று அறிவுள்ளவர்கள் எதிர்பார்ப்பார்கள். எண்ணுவதில்லை என்பதில் கமிட்டி உறுதியாக இருந்தது. மாறாக, இனி யாரும் தனியாக உட்காரக் கூடாது, பக்கத்தில் ஆள் இல்லாதவருக்கு பஸ்ஸில் இடமில்லை என்று விதி போட்டார்கள். போனவாரம் கமில் மனைவியோடும் ஒரு தட்டு பக்லாவா இனிப்போடும் வீட்டுக்கு வந்தான். பெண் கேட்டு வந்தவர்களைப்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, லோரிஸின் குணநலன்களைப் பட்டியலிட்டான். தங்கமான மனுஷி, சமைப்பாள், மகள் அபுதாபியில். ஏழாம் வரிசையில் ஆள் உண்டு, அவள் வசந்தத்தில் வருவதாக எழுதியிருக்கிறாள் என்று சொன்னேன். மனைவி அவன் கையைத் தொட்டாள். அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"எந்த வசந்தம் டீச்சர்?"

ஆயுளில் முதல்முறையாக அந்தப் பையன் சரியான கேள்வி கேட்டான்.

ஆகவே முறைப்படி உனக்குத் தெரிவிக்கிறேன். நாளை ஞாயிறு முதல் உன் சீட் லோரிஸுக்குக் கொடுக்கப்படுகிறது. இதில் வருந்த ஒன்றுமில்லை. அது ரெக்சின் கிழிந்த, கம்பி குத்துகிற ஒரு சீட். ஜன்னல் பாதிக்குமேல் திறக்காது. சீட் என்பது உட்காருவதற்கு; பை வைப்பதற்கு மேலே தட்டு இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் நான் செய்தது இட விரயம். நான் கனடாவுக்கு வந்து உங்களோடு தங்கவேண்டும் என்ற உன் யோசனையையும் நிராகரிக்கிறேன். அங்கே குளிர் என்பதால் தினமும் ஒரு கடைவளாகத்துக்குள்ளேயே நடக்கிறாய், செருப்புக்கடையில் தொடங்கிச் செருப்புக்கடையில் முடித்து எட்டுச் சுற்று, என்று நதீம் சொன்னான். மலையில் உன்னை முந்த முடியாமல் மூச்சு வாங்கியவள் நான். அந்தச் செய்தியை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அங்கே உன் பக்கத்தில் யார் நடக்கிறார்கள் என்று கேட்டேன். அவன் பேச்சை மாற்றிவிட்டான்.

வசந்தத்தை மனதில் வைத்து நீ அவசரப்பட வேண்டாம். காகிதம் வரட்டும், மகன் சொல்படி இரு. இங்கே எல்லாம் ஒழுங்காகிவிட்டது. நீ இல்லாமலும் மலை இருக்கிறது, நான் சரிபார்த்துவிட்டேன்.

நதீமுக்கு என் ஆசி, அவன் மனைவிக்கு அதில் பாதி. பிள்ளைகளின் நெற்றியில் என் சார்பில் முத்தம் வை. யார் வைத்தது என்று கேட்டால் அரபியில் சொல். உனக்கு நீண்ட ஆயுளும், தேய்மானம் இல்லாத முழங்காலும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
வதாத்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், திரும்பப் பிரித்தேன். இன்று ஞாயிறு மாலை.

லோரிஸ் வந்தாள். எனக்கும் சேர்த்து மெத்தை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். உன் சீட்டில் உட்கார்ந்தாள். போகும்போது முழு வழியும் பேசினாள், நான் சகித்தேன். நடை முடிந்து எல்லாரும் ஏறினோம். கமில் எழுந்து நின்றான். என் பக்கத்தில் லோரிஸ் ஒரு ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தாள், அவள் முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"பக்கத்துல ஆள் இல்லாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டான்.

"நான் இருக்கேன்" என்றேன்.

சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை, நுஹாத். வாய் சொல்லிவிட்டது. அபு மிலாத் எஞ்சினை அணைத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். கமில் என்னைப் பார்த்தான், லோரிஸைப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கி, சாலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு, ஏறி வந்து, "கிளம்பலாம்" என்றான்.

லோரிஸ் ஆப்பிளில் பாதியை என் கையில் வைத்தாள். தன் மெத்தையை எடுத்துக்கொண்டு எட்டாம் வரிசைக்குப் போய் என் நேர் பின்னால் உட்கார்ந்தாள். "இங்கிருந்தே உங்க தல நல்லாத் தெரியுது, நீங்க இல்லேன்னா நான் சொல்லிடறேன்" என்றாள். கமிட்டி இதை அனுமதிக்குமா என்று தெரியவில்லை. அனுமதிக்கும்.

ஆகையால் மேலே எழுதியதில் ஸஅத்தரின் எடை தவிர வேறெதையும் பொருட்படுத்தாதே. சீட் காலியாகத்தான் இருக்கிறது. எந்த வசந்தம் என்று மட்டும் எழுது.